ஒன்பது தௌ

ஃபிலடெல்ஃபியா

மகள் வீட்டுச் சாப்பாட்டு மேசையில்தான் இந்தப் பயணம் முடிவானது. மருமகனோடு வேலை பார்க்கும் நண்பர் ஒருவர் ஞாயிற்றுக்கிழமை சாப்பிட வந்திருந்தார். கோயமுத்தூர் கணபதியில் நாற்பது வருஷம் டூல் ரூம் நடத்தியவன் நான் என்று தெரிந்ததும், ரசத்தை அப்படியே வைத்துவிட்டு என் பக்கம் திரும்பினார். "எங்க அப்பாவும் டை மேக்கர்தான். வில்லியம்ஸ்போர்ட்டில் இருக்கிறார். வேலையை விட்ட பிறகு ரைபிள் தோட்டாக்களைத் தன் கையாலேயே செய்கிறார். அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்குக்காக ராத்திரி முழுக்க உட்கார்ந்திருப்பார். நீங்கள் அவரைப் பார்த்தே ஆக வேண்டும்" என்றார்.

அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கை எங்கள் பட்டறைகளில் 'தௌ' என்போம். ஒரு மில்லிமீட்டரை ஏறக்குறைய நாற்பதாகப் பிரித்தால் அதில் ஒரு பங்கு. தலைமுடியின் பருமனே இரண்டு மூன்று தௌ இருக்கும். என் வாழ்நாள் முழுக்க அந்த அளவோடுதான் மல்லுக்கட்டினேன். அதே அளவை வைத்துக்கொண்டு இன்னொரு மனிதர் எங்கோ ஒரு மலையூரில் உட்கார்ந்திருக்கிறார் என்றால் போகாமல் இருக்க முடியுமா?

மகளுக்குப் பிடிக்கவில்லை. பேரன் இரண்டாம் வகுப்பு. துப்பாக்கியோடு யாராவது பள்ளிக்குள் வந்துவிட்டால் விளக்கை அணைத்து, கதவைப் பூட்டி, சுவரோரமாகச் சத்தமில்லாமல் உட்கார வேண்டும் என்று அவன் வகுப்பில் பழக்குகிறார்கள். தீ விபத்துப் பயிற்சி மாதிரி அதுவும் ஒன்று. "அதையெல்லாம் போய்ப் பார்க்கணுமாப்பா?" என்றாள். நியாயமான கேள்வி. வழி நெடுக அதுவும் என்னோடு வந்தது.

அவளிடம் சொல்லாத காரணம் ஒன்று என்னிடம் இருந்தது. நான் பிறந்தது நீலகிரியில் அருவங்காடு. அப்பா அங்கே கார்டைட் பேக்டரியில் வேலை பார்த்தார். காலையில் சங்கு ஊதினால் குன்னூர் மலை பூராவும் கேட்கும். உள்ளே போகும்போது தீப்பெட்டி, பீடி எதுவும் மடியில் இருக்கக் கூடாது. 1903-இல் தொடங்கிய அந்த ஆலையில் செய்தது, துப்பாக்கிக் குண்டையும் பீரங்கிக் குண்டையும் தள்ளுகிற மருந்து. கயிறு கயிறாக இருப்பதால்தான் அதற்கு அந்தப் பெயரே வந்தது. ஆனால் அந்த மருந்து எதைத் தள்ளுகிறது, எப்படித் தள்ளுகிறது என்று அப்பா ஒருநாளும் வீட்டில் பேசியதில்லை. நாங்களும் கேட்டதில்லை.

கிளம்பின அன்று காலை, நகரின் வடகிழக்கே பழைய ஃபிராங்ஃபோர்ட் ஆயுதக் கிடங்கு இருந்த இடத்தை ஒரு சுற்றுச் சுற்றிக் காட்டினார் நண்பர். 1816 முதல் 1977 வரை இயங்கி, அமெரிக்க ராணுவத்துக்குத் தோட்டாவும் செய்து கொடுத்த இடம். இப்போது செங்கல் கட்டடங்களில் வேறு அலுவலகங்கள். சங்கு இல்லை. அவ்வளவுதான் அங்கே.

லங்காஸ்டர்

மேற்கே போகப்போக நிலம் தட்டையாகி, சோளக்காடும் மாட்டுத் தொழுவமும் வந்தன. அக்டோபர் மாதம். அறுவடை முடிந்த சோளத்தட்டைகள் கட்டுக் கட்டாக நின்றன, பல்லடத்துப் பக்கம் தட்டுப்போர் போட்ட மாதிரி. ஆமிஷ் என்ற கிறிஸ்தவப் பிரிவு மக்களின் குதிரை வண்டிகள் சாலை ஓரமாகப் போயின. பூட்டிய குதிரையின் குளம்புச் சத்தம் கேட்டு எத்தனை வருஷமாயிற்று என்று எண்ணிப் பார்த்தேன். உடுமலைப்பேட்டையில் ஜட்கா வண்டியில் போன கடைசி நாள் நினைவில் இல்லை.

லங்காஸ்டர் நடுவில் பழைய செங்கல் சந்தைக் கட்டடம். உள்ளே ஒரு ஆமிஷ் அம்மா 'ஷூஃப்ளை பை' விற்றார். அடியில் மாவு, நடுவில் கரும்புப் பாகின் பிசுபிசுப்பு, மேலே உதிரி. வாயில் வைத்ததும் மார்கழி மாதத்து வெல்லப்பாகு வாசனை. இரண்டு துண்டு வாங்கி ஒன்றை மகளுக்கென்று வைத்தேன். அது அவளிடம் போய்ச் சேரவில்லை, வழியிலேயே தீர்ந்துவிட்டது.

ஊருக்கு வெளியே லாண்டிஸ் வேலி அருங்காட்சியகம். 18-ஆம் நூற்றாண்டில் ஜெர்மனியிலிருந்தும் சுவிட்சர்லாந்திலிருந்தும் வந்து இந்தப் பகுதியில் குடியேறிய கொல்லர்கள் செய்த நீளத் துப்பாக்கிகளைப் பார்க்கத்தான் வந்தோம். மூன்றரை அடி நீளக் குழல். மேப்பிள் மரக்கட்டையில் புலிவரி போல ஓடும் நார். குழலின் உள்ளே சுருளாக வெட்டிய வரிகள். அந்தச் சுருள்தான் குண்டைப் பம்பரம் போலச் சுற்றவிட்டு நேராகப் பறக்க வைக்கிறது.

அங்கே இருந்த தொண்டர், வெள்ளைத் தாடிக்காரர், நீண்ட கம்பு ஒன்றை எடுத்துக் காட்டினார். கம்பில் குறுக்காக ஒரு கோடு கீறியிருந்தது. குழலின் வாயில் மருந்தைக் கொட்டி, எண்ணெய் தடவிய துணியில் ஈயக் குண்டைச் சுற்றி, இந்தக் கம்பால் கடைசிவரை இடிக்க வேண்டும். அந்தக் கோடு குழலின் வாயோடு சேர்ந்தால் குண்டு மருந்தின் மேல் உட்கார்ந்துவிட்டது என்று அர்த்தம். கோடு வெளியே நின்றால் நடுவில் காற்று இருக்கிறது. அப்படியே சுட்டால் குழல் வீங்கலாம், வெடிக்கவும் செய்யலாம்.

ஒரு கோடு. இருநூற்றைம்பது வருஷத்துக்கு முன்னால் காட்டில் தனியாக நின்றவனுக்கு உயிர் காத்தது அந்தக் கீறல். நண்பர் என் தோளைத் தொட்டு, "அப்பா ராத்திரியெல்லாம் தேடுவது இந்தக் கோட்டைத்தான்" என்றார். அப்போது எனக்கு முழுதாகப் புரியவில்லை.

சஸ்குவஹானா ஓரம்

ஹாரிஸ்பர்க் தாண்டியதும் ஆறு கூடவே வந்தது. நம்ப முடியாத அகலம். ஆனால் இடுப்பளவு ஆழம்கூட இல்லாத இடங்கள் நிறைய. பாறை முதுகுகள் தெரிகின்றன. கொடுமுடியில் கோடைக் காவிரி இப்படித்தான் கிடக்கும். மலைகள் ஒன்றன்பின் ஒன்றாகக் குறுக்கே வர, ஆறு ஒவ்வொன்றையும் வெட்டிக்கொண்டு போகிறது. மேப்பிள் மரங்கள் சிவந்திருந்தன. வழியில் ஒரு பெட்ரோல் பங்கில் மான் இறைச்சியை உப்பிட்டுக் காயவைத்த துண்டுகள் பாக்கெட்டில் விற்றார்கள். கடித்தேன். எங்கள் பாட்டி கோடையில் மொட்டை மாடியில் நூலில் கோத்துத் தொங்கவிடுவாளே, அதே உப்புக்கண்டம்.

வில்லியம்ஸ்போர்ட்

19-ஆம் நூற்றாண்டில் மரத்தால் பணம் கொழித்த ஊர். மலையெல்லாம் வெட்டி ஆற்றில் மிதக்கவிட்டு, இங்கே தடுத்துப் பிடித்து அறுத்தார்கள். அந்தப் பணத்தில் கட்டிய மாளிகைகள் ஒரு தெரு முழுக்க இன்னும் நிற்கின்றன. 1889 வெள்ளம் தடுப்பை உடைத்துக் கட்டைகளை அடித்துக்கொண்டு போன கதையை எல்லாரும் சொல்கிறார்கள். மலைகள் மறுபடி காடாகிவிட்டன. 1939-இல் சிறுவர் பேஸ்பால் கழகம் தொடங்கியதும் இந்த ஊரில்தான்.

நண்பரின் அப்பாவான பெரியவருக்கு எழுபத்தாறு வயது. கையைக் குலுக்கும்போதே தெரிந்துவிட்டது; வலது சுட்டுவிரல் நுனி தட்டையாக, உணர்வு மழுங்கி, எங்கள் ஆட்களுக்கு இருப்பது போலவே. வீட்டு அம்மா 'பாட் பை' செய்திருந்தார். பெயரில்தான் பை. உண்மையில் கோழிக் குழம்பில் சதுரமாக வெட்டிப் போட்ட தடித்த மாவுத்துண்டுகள். கூடவே பீட்ரூட் சாற்றில் ஊறிச் சிவந்த முட்டை. உறைப்பு கிடையாது. ஆனால் குளிருக்கு வயிறு கேட்டது அதைத்தான்.

சாப்பிட்டதும் நிலவறைக்குக் கூட்டிப் போனார். முதலில் காட்டியது இரும்புப் பெட்டகம். துப்பாக்கி எல்லாம் அதற்குள். சாவி அவர் கழுத்துச் சங்கிலியில். மருந்து ஒரு மர அலமாரியில், பிரைமர் எதிர்ச்சுவரில் தனியாக. வேலை செய்யும் மேசையில் ஒரு நேரத்தில் ஒரே ஒரு மருந்து டப்பாதான் இருக்கும் என்றார். இரண்டு இருந்தால் என்றாவது ஒருநாள் கை மாறும். அப்பாவின் பேக்டரி வாசலில் நிற்பது மாதிரி இருந்தது எனக்கு.

மகள் கேட்டதை அப்போதே கேட்டுவிட்டேன். வைத்திருந்து கேட்டால் மரியாதையாக இருக்காது என்று தோன்றியது. அவர் நாற்காலியில் உட்கார்ந்தார். "என் பேத்தி ஹாரிஸ்பர்க்கில் டீச்சர். அந்தப் பயிற்சியைப் பிள்ளைகளுக்குச் சொல்லித் தருவது அவள்தான். வருஷா வருஷம் இங்கே வந்து இந்த மேசையில் உட்கார்ந்து சாப்பிடுகிறாள். அவளுக்கு நான் சொல்ல எதுவும் என்னிடம் இல்லை" என்றார். அதற்குமேல் அவரும் பேசவில்லை, நானும் கேட்கவில்லை. நம் ஊரில் தேர்தல் வந்தால் லைசென்ஸ் துப்பாக்கியைக்கூடக் காவல் நிலையத்தில் ஒப்படைக்க வேண்டும் என்று சொன்னேன். தலையை ஆட்டிக் கேட்டுக்கொண்டார்.

பிறகு வேலைக்கு வந்தோம்.

தோட்டாவில் நான்கு பொருள்தான். பித்தளை உறை. அதன் அடியில் பொட்டு அளவில் தீப்பற்றும் பிரைமர். உள்ளே மருந்து. வாயில் குண்டு. சுட்டு முடித்ததும் பித்தளை உறை அப்படியே மிஞ்சும். அதைத் துடைத்து, டையில் அழுத்திப் பழைய அளவுக்குக் கொண்டுவந்து, புதுப் பிரைமர் வைத்து, மருந்தை நிறுத்துக் கொட்டி, புதுக் குண்டை அழுத்தி உட்கார்த்தினால் தோட்டா தயார். மருந்து நிறுப்பது 'கிரெய்ன்' கணக்கில். ஒரு பவுண்டில் ஏழாயிரம் கிரெய்ன். தானிய மணியிலிருந்து வந்த எடை அது. நம் பொற்கொல்லர்களுக்கு நான்கு நெல்லெடை ஒரு குன்றிமணி என்று சொன்னதும் பெரியவருக்குக் கண் விரிந்தது. எழுதி வைத்துக்கொண்டார்.

கடைசிக் காரியம்தான் அவருடைய ராத்திரிகளைத் தின்பது. குண்டை உறைக்குள் எவ்வளவு ஆழம் உட்கார்த்துவது?

குழலுக்குள் சுருளாக வெட்டிய இடம் பள்ளம், வெட்டாமல் விட்ட இடம் மேடு. அந்த மேடுகள் தோட்டா உட்காரும் அறையை ஒட்டியே தொடங்குவதில்லை. கொஞ்சம் வெறும் வழி விட்டுத்தான் தொடங்கும். அந்த வழிக்குத் தொண்டை என்று பெயர். மருந்து பற்றியதும் குண்டு உறையை விட்டுக் கிளம்பி, தொண்டையைத் தாண்டி, மேட்டில் போய் முட்டி, அதில் பதிந்து சுழலத் தொடங்குகிறது. கிளம்பும் இடத்துக்கும் முட்டும் இடத்துக்கும் நடுவே இருக்கும் தூரத்தைத் தாவல் என்கிறார்கள். குண்டை வெளியே தள்ளி உட்கார்த்தினால் தாவல் குறையும். உள்ளே அழுத்தினால் கூடும். சில தௌ கூட்டிக் குறைத்தாலே சில துப்பாக்கிகள் காகிதத்தில் அதைக் காட்டிவிடும்.

கடையில் வாங்கும் தோட்டாவில் இந்தத் தேர்வு நம் கையில் இல்லை. யாருடைய துப்பாக்கியிலும் அது நுழைய வேண்டும், துப்பாக்கியின் தோட்டாப் பெட்டியிலும் அடங்க வேண்டும். அதனால் நீளத்துக்கு ஒரு மேல்வரம்பு வைத்திருக்கிறார்கள். .30-06 என்னும் வகைத் தோட்டாவுக்கு அது 3.340 அங்குலம். ஊருக்கெல்லாம் ஒரே அளவில் தைத்த சட்டை. பெரியவர் தைப்பது அந்த ஒரு குழலின் உடம்புக்கு.

"எப்படி அளப்பீர்கள்?" என்றேன். பெரியவர் கழுத்தில் நீளவாக்காக ஒரு பிளவு அறுத்த வெற்று உறையை எடுத்தார். மருந்தில்லை, பிரைமர் இல்லை. அதன் வாயில் குண்டை விரலாலேயே செருகினார், வேண்டுமென்றே நீட்டமாக. பெட்டகத்திலிருந்து எடுத்த ரைபிளின் அறைக்குள் வைத்து போல்ட்டை மெல்ல மூடினார். உள்ளே மேடு குண்டைப் பின்னால் தள்ளும். பிளந்த கழுத்து அதை விடாமல் பிடித்துக்கொள்ளும். வெளியே எடுத்தால் அந்தக் குழலின் தொண்டை ஆழம் கையில் இருக்கிறது. இத்தனை எளிமையான உபாயத்தை நான் டூல் ரூமில்கூடப் பார்த்ததில்லை.

காலிப்பரை எடுத்து நுனியோடு அளக்கப் போனேன். என் கையைப் பிடித்து நிறுத்தினார். குண்டின் நுனியை நம்பக் கூடாது. ஒன்று மழுங்கியிருக்கும், ஒன்று கூராக இருக்கும், ஒரே பெட்டியில் பத்து தௌ வித்தியாசம்கூட வரும். மேட்டில் முட்டுவது நுனியல்ல, அதற்குக் கீழே வளைவு விரியும் தோள். அந்த வளைவுக்கு ஓஜைவ் என்று பெயர். காலிப்பரின் தாடையில் சிறு துளையிட்ட புஷ் ஒன்றை மாட்டினார். குண்டு அந்தத் துளையில் தோள்வரை இறங்கி நின்றது. எனக்குச் சட்டென்று புரிந்தது. கூம்பை ரிங் கேஜ் வைத்து அளக்கிறோமே, அதேதான். அவர் முதுகில் தட்டினேன். இரண்டு பேரும் சிரித்தோம்.

ஐந்து முறை அளந்தார். கடைசி இரண்டு இலக்கங்கள் 43, 44, 43, 45, 43. தடித்த நோட்டில் 43 என்று எழுதினார். நோட்டின் பழைய பக்கங்களைப் புரட்டிக் காட்டினார். இந்தக் குழல் புதிதாக வந்தபோது அதே அளவு 12. ஆயிரத்து நானூறு தோட்டா சுட்டதில் மேடு முப்பத்தொரு தௌ தேய்ந்து முன்னால் நகர்ந்திருக்கிறது. வெடிப்பின் வெக்கை தொண்டையைத்தான் முதலில் அரிக்கும். அளந்து அளந்து குண்டை வெளியே நகர்த்திக்கொண்டே போக வேண்டும். "மேட்டைத் துரத்துகிறோம்" என்பது இவர்கள் வழக்கு.

"அப்படியானால் தொட்டுக்கொண்டே உட்கார்த்திவிட வேண்டியதுதானே?" என்றேன்.

அவர் சொன்ன கதை இது. இளமையில் அவரும் அப்படித்தான் செய்தார், குண்டு மேட்டுக்குள் கொஞ்சம் கவ்வுகிற மாதிரி. ஒரு நாள் சுடாமலே தோட்டாவை வெளியே எடுக்க வேண்டி வந்தது. போல்ட்டை இழுத்தார். குண்டு குழலில் மாட்டிக்கொண்டு நின்றுவிட்டது. உறை மட்டும் வந்தது. மருந்து முழுக்கத் துப்பாக்கியின் வயிற்றில் கொட்டிவிட்டது. அன்றைக்கு அப்படியே வீட்டுக்கு வந்து பிரித்துத் துடைத்தார்.

அதைவிடப் பெரியது அழுத்தம். ஓடுவதற்கு இடமே இல்லாமல் மேட்டில் முட்டி நிற்கும் குண்டைத் தள்ள வாயு திமிறும், அழுத்தம் ஏறும். மறுபக்கம், குண்டை அதிகம் உள்ளே அழுத்தினால் மருந்துக்கு இடம் குறைந்து அப்போதும் அழுத்தம் ஏறும். .30-06-க்கு வரையறுத்த உச்சம் சதுர அங்குலத்துக்கு 60,000 பவுண்டு. கார் டயரில் நாம் அடிப்பது 32. அதனால் ஆழத்தை மாற்றினால் மருந்தைக் குறைத்துக்கொண்டு முதலிலிருந்து தொடங்க வேண்டும் என்பதில் அவர் கண்டிப்பு. நீளத்தை மட்டும் மாற்றி மருந்தை அப்படியே விடுகிறவர்களோடு மைதானத்தில் பக்கத்து மேசையில்கூட உட்கார மாட்டார்.

மறுநாளைக்கு ஐந்து அளவில், அளவுக்கு ஐந்தாக, இருபத்தைந்து தோட்டா செய்தார். மேட்டிலிருந்து 3 தௌ பின்னே, 6, 9, 12, 15. டையின் தலையில் மைக்ரோமீட்டர் திருகு. நான் திருக, அவர் அழுத்தினார். கைப்பிடி கீழே வரும்போது குண்டு உறையின் கழுத்துக்குள் இறங்குவது உள்ளங்கையில் தெரியும் என்றார். ஒன்று லேசாக இறங்கிவிட்டது. முகம் சுளித்து அதைத் தனியே வைத்துவிட்டு வேறொன்று செய்தார். மணி பதினொன்று ஆகியிருந்தது.

ட்ரவுட் ரன் பக்கம்

விடியலில் பள்ளத்தாக்கு முழுக்கப் பனி. கோத்தகிரிப் பனி மாதிரி ஈரமாக மூக்கில் ஏறுகிறது. வழியில் ஆயிரம் கெஜ மைதானத்தைக் காட்டினார். 1967-இல் இந்தப் பகுதிக்காரர்கள் சங்கம் சேர்ந்து தொடங்கியது. ஒருபக்கம் கூரைக்குக் கீழ் வரிசையாக மேசைகள். எதிர்ச் சரிவில், 914 மீட்டர் தள்ளி, இலக்குகள். அன்றைக்குப் போட்டி இல்லை. காலி மேசை ஒன்றில் கையை வைத்துக்கொண்டு அந்தத் தூரத்தைப் பார்த்தேன். குண்டு போய்ச் சேர ஏறக்குறைய ஒன்றரை நொடி ஆகும். அதற்குள் இருபத்தைந்து அடியாவது கீழே விழுந்திருக்கும். இங்கே ஒரு தௌ பிசகினால் அங்கே என்னவாகும் என்று மனசில் கணக்குப் போடத் தொடங்கி, விட்டுவிட்டேன்.

சுட்டது அவருடைய நண்பரின் பண்ணையில், நூறு கெஜத்தில், மண்மேட்டுக்கு எதிரே. காதை மூடிக்கொண்டு பின்னால் உட்கார்ந்தேன். அவசரமே இல்லை. ஒரு குண்டு சுட்டால், காற்றுக்கொடி ஒரே மாதிரி தொங்கும்வரை காத்திருந்து அடுத்தது. குழல் சூடேறாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். இருபத்தைந்து சுட இரண்டரை மணி நேரம் ஆயிற்று. நடுவே பண்ணைக்காரர் காபியும் ஆப்பிள் சாற்றில் செய்த சூடான டோனட்டும் கொண்டுவந்தார்.

காகிதத்தை மேசையில் விரித்து, ஐந்து ஓட்டைகளில் தூரமான இரண்டின் மையத்திலிருந்து மையம் அளந்தோம். 3 தௌ பின்னே வைத்தவை அரை அங்குலத்துக்குச் சற்று மேலே சிதறின. 6-இல் அது 0.38 ஆனது. 9-இல் ஐந்து குண்டும் ஒரே கிழிசலாக, 0.19. 12-இல் 0.21. 15-இல் மறுபடி 0.44.

"ஐந்து குண்டை வைத்து முடிவு செய்யலாமா?" என்று கேட்டேன். பட்டறையில் ஐந்து பீஸ் அளந்துவிட்டு ஒரு டையை நான் பாஸ் செய்ததே இல்லை. அவர் பையிலிருந்து இன்னும் இரண்டு காகிதங்களை எடுத்தார். செப்டம்பரில் ஒன்று, போன வாரம் ஒன்று. எண்கள் கொஞ்சம் மாறியிருந்தன. ஆனால் 9-லும் 12-லும் மூன்று நாளும் ஓட்டைகள் ஒன்று சேர்ந்திருந்தன. ஏன் அந்த இடத்தில் மட்டும் சேர்கின்றன? குண்டு மேட்டுக்குள் நேராக நுழைவதா, குழலின் அதிர்வு ஒரு நிலையில் நிற்கும் நொடியில் குண்டு வாயைத் தாண்டுவதா? சுடுகிறவர்கள் இதைப் பேசத் தொடங்கினால் சாயங்காலம் ஆகிவிடும் என்றார். குண்டின் வடிவத்துக்கும் இதில் பங்கு உண்டு. தோள் முறித்தது போல வளையும் நீளமான குண்டுகள் ஆழத்துக்கு ரொம்ப மிரளும். வழுவழுவென்று சீராக வளைபவை பொறுத்துப்போகும்.

அவர் ஒன்பதைத் தேர்ந்தார். எண் சின்னது என்பதால் என்று நினைத்தேன். காரணம் வேறு. தொண்டை தேயத் தேயத் தாவல் தானாகவே கூடும். இன்றைக்கு ஒன்பதில் தொடங்கினால், மூன்று தௌ தேய்ந்து பன்னிரண்டு ஆகும்வரை கை வைக்க வேண்டாம். எப்படியும் நல்ல இடத்துக்குள்ளேயே இருக்கும். பன்னிரண்டில் தொடங்கினால் தேய்மானம் நேராகப் பதினைந்துக்குத் தள்ளிவிடும். பஞ்ச் செய்யும்போது தேய்மானத்துக்கு இடம் விட்டு அளவு வைப்போமே, அந்த யோசனைதான். இதை அவரிடம் சொன்னேன். "வேறெப்படி வைப்பார்கள்?" என்றார்.

பைன் க்ரீக்

வெல்ஸ்பரோ தெருவில் இன்னும் கேஸ் விளக்கு எரிகிறது. அதைத் தாண்டினால் பைன் க்ரீக் பள்ளத்தாக்கு, 47 மைல் நீளத்துக்கு மலையை அறுத்துக்கொண்டு போகிறது. அதன் விளிம்பில் நின்றபோது குன்னூரின் டால்பின் நோஸ் ஞாபகம் வந்தது. தேயிலைப் பச்சை இல்லை, அவ்வளவுதான்; கண்ணுக்கெட்டியவரை செம்பும் பொன்னும்.

பெரியவரின் 'கேம்ப்' என்பது மரப்பலகைக் குடில். மின்சாரம் கிடையாது, விறகு அடுப்பு. அவருடைய தந்தை கட்டியது. நவம்பர் கடைசியில் மான் வேட்டைக்கு மூன்று தலைமுறையும் இங்கே வந்து படுப்பார்கள். 1963-இலிருந்து வேட்டை தொடங்கும் நாள் திங்கள்கிழமை. பல ஊர்களில் அன்று பள்ளிக்கூடமே கிடையாது. 2019-இல் அதைச் சனிக்கிழமைக்கு மாற்றிவிட்டார்கள். அந்த மாற்றத்தை அவர் இன்னும் ஏற்கவில்லை என்பது பேச்சில் தெரிந்தது.

வீட்டிலிருந்து பூட்டி எடுத்து வந்த தந்தையின் .30-06-ஐ இரவு சாப்பாட்டுக்குப் பின் வெளியே எடுத்தார். அதற்கும் ஆழம் பார்க்க வேண்டுமாம், எத்தனையோ வருஷமாகிவிட்டது. இங்கே பிளந்த உறையோ புஷ்ஷோ இல்லை. ஒரு வெற்றுத் தோட்டா, ஒரு மெழுகுவர்த்தி, சட்டைப்பையில் என் காலிப்பர். குண்டை நீட்டமாக உட்கார்த்திச் சுடருக்கு மேலே காட்டிச் சுழற்றினார். கரி பிடித்துக் கறுத்தது. துப்பாக்கிக்குள் வைத்து மெதுவாக மூடித் திறந்தார். வெளியே எடுத்துச் சுடரருகே பிடித்தோம். கரியில் நான்கு சின்னக் கீறல்கள், சரிசமமான இடைவெளியில் பளபளவென்று. மேடு தொட்ட இடம். கீறல் மறையும்வரை குண்டைத் துளித்துளியாக உள்ளே அழுத்தி, திரும்பக் கரி பிடித்து, திரும்ப மூடி, ஒன்பது தடவை.

அளந்தேன். அந்த நீளத்தில் தோட்டா பெட்டிக்குள் நுழையாது. பெட்டியில் அடங்கும் நீளத்துக்கு அழுத்தினால் மேடு நூறு தௌவுக்கும் மேலே தள்ளி நிற்கிறது. அறுபது வருஷத்துத் தேய்மானம். அதைத் தொட இனி வழியில்லை.

"எப்படிச் சுடுகிறது?" என்றேன்.

"நூறு கெஜத்தில் ஒரு அங்குலம். அப்பா காலத்திலும் அதுதான், இப்போதும் அதுதான்" என்றார். நேற்றுவரை மூன்று தௌவுக்காகத் துரத்திய மனிதர், நூறு தௌ தாவலை மடியில் வைத்துத் தடவிக்கொண்டிருந்தார். பன்னிரண்டைத் தாண்டினால் ஆகாது என்று நான் அதற்குள் மனசில் ஒரு சட்டம் எழுதியிருந்தேன். இந்தக் குழலுக்கு அந்தச் சட்டம் தெரியவில்லை. "நீங்கள் சொல்வதை எல்லாத் துப்பாக்கியும் கேட்காது. இது எதைக் கேட்கிறது என்று நீங்கள்தான் கேட்க வேண்டும்" என்று சொல்லிக்கொண்டே பையைத் துழாவி நோட்டை எடுத்தார். இந்தத் துப்பாக்கிக்கென்று பின்பக்கம் சில தாள்கள். கடைசிப் பதிவு அவருடைய தந்தையின் கையெழுத்தில், பென்சிலில்.

"அளந்தது நீங்கள். நீங்களே எழுதுங்கள்" என்று பேனாவை நீட்டினார். தேதி போட்டேன், அளவை எழுதினேன், கீழே ஊர்ப் பெயர் கேட்டார், அருவங்காடு என்று தமிழில் எழுதினேன். கையிலிருந்த கரி அந்த வரியின் ஓரத்தில் கட்டைவிரல் ரேகையாக ஒட்டிக்கொண்டது. துடைக்கப் போனேன். "இருக்கட்டும்" என்று நோட்டை வாங்கி, மை காயட்டும் என்று அடுப்போரமாக விரித்து வைத்தார்.